எதிர்வீட்டுக்குப் புரியாத வேப்பிலை

சேகரு,

இதை நின்னுக்கிட்டே படிக்காதே. ஸ்கூட்டர்ல சாய்ஞ்சுக்கிட்டும் படிக்காதே. உக்காந்து, எழுத்துக்கூட்டியாவது முழுசாப் படி. டெல்லியில பொறந்து வளந்த பிள்ளை, தமிழ் படிக்க உனக்கு மூச்சு வாங்கும்னு தெரியும். என்ன பண்றது, எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராது. இந்தியில எழுதினா உங்கப்பா தப்புக் கண்டுபிடிச்சே என் உசிரை எடுத்துடுவாரு. புரியாத எடத்துல கோடு போட்டு வெச்சுக்க, ஞாயித்துக்கிழமை வர்றப்ப கேளு. கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட மட்டும் காட்டிடாதே. மாமியார்க்காரி இப்பவே இப்படி நீட்டி முழக்கறாளேன்னு அந்தப் பொண்ணு திருச்சியிலயே நின்னுடப் போறா. நேர்ல சொல்ல வேண்டியதுதானேம்மான்னு கேப்பே. நேர்ல சொன்னா 'அச்சா அம்மா, அச்சா'ன்னு சொல்லிக்கிட்டே செருப்பை மாட்டிடறே, ஃபரீதாபாத்துக்கு நேரமாச்சும்பே. அதனாலதான் எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்துல டிவில அந்தப் புது நோயைப் பத்திச் சொன்னாங்க இல்ல, எய்ட்ஸ்னு, அப்ப நீ சப்பாத்தியைப் பிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னே. 'இந்த நோய்க்காரங்களை எல்லாம் பிடிச்சு ஊருக்கு வெளிய ஒரு எடத்துல போட்டுப் பூட்டிடணும்மா, அப்பதான் மத்தவங்க நிம்மதியா இருக்க முடியும்'னே. உங்கப்பா தட்டுல இருந்து தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. நானும் அவரைப் பாத்தேன். உன்மேல கோவம்னு நினைக்காதே. எனக்குக் கோவம் வந்தா அடுத்த பிளாக் வரைக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ கெட்ட பிள்ளை இல்லடா. பயத்துல பேசினே. பயந்தவன் வாயில அப்படித்தான் வரும். ஆனா இதே ஆர்.கே.புரத்துல, இதே மாடிப்படியில, 'பிடிச்சுக்கிட்டுப் போங்க'ன்னு ஒருத்தன் கத்தினான். அவன் சொன்னது உன்னைத்தான். உனக்கு அது ஞாபகம் இல்ல. ஸ்கூலுக்குப் போகாம படுத்துக்கிட்டு தர்பூஸ் தின்னது மட்டும்தான் உனக்கு ஞாபகம். அதை உங்கிட்ட நாங்க விவரமாச் சொன்னதும் இல்ல. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகப்போறே. அதுக்கு முன்னாடி கேட்டுக்க.

நீ அப்ப மூணாம் கிளாஸ். பெரியம்மைன்னா என்னன்னு உன் வயசுக்காரங்களுக்குத் தெரியாது, நல்ல காலம். எங்களுக்குத் தெரியும். என்கூடப் படிச்ச ஒருத்திக்கு அதுல ஒரு கண்ணு போச்சு. அந்த வருஷம் பீஹார்ல அது கொத்துக்கொத்தா ஆளுங்களைக் கொண்டுபோகுதுன்னு ரேடியோவுல தினமும் நியூஸ். டெல்லிக்கு வர்ற ஒவ்வொரு ரயில்லயும் அது ஏறி வர்ற மாதிரியே எல்லாரும் பேசினாங்க. பஸ் ஸ்டாப்பு செவுத்துல இந்தியில பெருசு பெருசா எழுதிப் போட்டிருந்தான், பெரியம்மை கண்டவங்களைப் பத்தித் தகவல் குடுத்தா இனாம் உண்டுன்னு. அரசாங்கத்து ஆளுங்க படம் போட்ட அட்டையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்து, இந்த மாதிரி யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க. அந்த அட்டையில ஒரு குழந்தை முகம் இருக்கும். நான் ஒரு தடவைதான் பாத்தேன். அதுக்கப்புறம் அவங்க வந்தா உங்கப்பாவை அனுப்பிட்டு அடுப்படிக்குப் போயிடுவேன்.

அதுக்கு முன்னாடி நாம கரோல் பாக்ல ஒரு ரூம்ல குடியிருந்தோம். அந்த வீடு முழுக்க நம்ம ஆளுங்கதான், மாடிக்கு மாடி மினிஸ்ட்ரி குமாஸ்தா குடும்பம். அங்க ஒரு வீட்டுல அம்மை போட்டா வாசல்ல வேப்பிலைக் கொத்து தொங்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். பிள்ளைங்க அந்தப் பக்கம் போகாது. மாசமா இருக்கறவ படியிறங்கினாக்கூட சுவத்து ஓரமா முகத்தைத் திருப்பிக்கிட்டு இறங்குவா. யாராவது மோரைக் கொண்டுவந்து வாசல்லயே வெச்சிட்டு, குரல் கூடக் குடுக்காம போவாங்க. அப்படியே பழகிப்போன எனக்கு, குவார்ட்டர்ஸ் கிடைச்சு இங்க வந்தப்புறமும் அதேதான் மனசுல. வேப்பிலை கட்டிட்டா ஊருக்கே சொல்லியாச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஹோலி முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்ச சமயம். உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. மறுநாள் குளிப்பாட்டலாம்னு சட்டையைக் கழட்டினா நெஞ்சுல, முதுகுல எல்லாம் சின்னச்சின்னதா சிவப்பு. உன் கையில அம்மை குத்தின தழும்பு இருந்துச்சு, அதைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டேன். அப்புறம் எங்கம்மா செஞ்ச மாதிரியே எல்லாம் செஞ்சேன். ரோட்டோர வேப்பமரத்துல இருந்து உங்கப்பா கொத்துக் கொத்தா ஒடிச்சுட்டு வந்தாரு. பாதியை உன் படுக்கையில பரப்பினேன், மீதியை வாசல்ல கட்டினேன். அன்னிலேர்ந்து வீட்டுல தாளிப்பு இல்ல, வறுவல் இல்ல, எண்ணெய்ச் சட்டி ஏறல. நோயின்னு பேர் சொல்லக்கூடாது. டாக்டர்கிட்ட போகக்கூடாது. வீட்டுல அம்மா வந்து உக்காந்திருக்கறப்ப வாசலுக்கு வந்தவங்களை 'போ'ன்னு சொல்லக்கூடாது, அடுத்தவங்க வாசப்படியை நாம மிதிக்கக்கூடாது. இதுல எது சரி, எது தப்புன்னு இப்ப நான் வாதாடப் போறதில்ல. ஆறின சோறும் மோரும் குடுத்து, வேர்க்காம விசிறி, ஒருத்தரையும் கிட்ட விடாம வெச்சுக்கறது நல்ல வழக்கம்தான். ஆனா அந்த வழக்கம், அதைத் தெரிஞ்சவங்க நடுவுலதான் வேலை செய்யும். அது என் மரமண்டைக்கு அப்ப ஏறல.

எதிர்வீட்டுல பம்மி. இன்னிக்கு நீ 'பம்மி ஆன்ட்டி'ன்னு கூப்பிடறியே, அப்ப அவ இருபத்தி சொச்சம் வயசுப் பொண்ணு, ஜலந்தர்ல இருந்து கல்யாணமாகி வந்தவ, தலைச்சன் பிள்ளை வயித்துல, எட்டாம் மாசம். அவ புருஷன் பகல் பூரா ஆபீஸ்ல. பேச்சுத் துணைக்கு நான்தான், என்னை அக்கா முறைக்கு தீதின்னும் உன்னைச் செல்லமா முன்னான்னும் கூப்பிடுவா. எனக்கு அப்ப காய்கறிக்காரன்கிட்ட பேசற அளவுக்குத்தான் இந்தி வரும், ஆனாலும் எப்படியோ பேசிக்குவோம். நம்ம வாசல்ல பொங்கலுக்கு மாவிலை, வருஷப்பொறப்புக்கு மாவிலை, கார்த்திகைக்கு மாவிலைன்னு எப்பப் பாத்தாலும் ஒரு இலை தொங்கும் இல்லியா? அதைப் பாத்துட்டு ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தோட வந்துடுவா, இன்னிக்கு என்ன இனிப்புன்னு. நம்ம பாயசத்துக்கு அவ அடிமை. நான் வேப்பிலையைக் கட்டினதும் அதே ஆணியில, அதே கயித்துலதான். அவ கண்ணுக்கு அதுவும் ஒரு மதராஸிப் பண்டிகை.

அன்னிக்கு மத்தியானம் நான் பின்பக்கம் துணி உலத்திட்டு உள்ள வர்றேன், பம்மி உன் கட்டில்ல உக்காந்திருக்கா. கிண்ணத்தை மடியில வெச்சுக்கிட்டு, உன் நெத்தியில கையை வெச்சு, முந்தானையால முகத்தைத் துடைச்சு விடறா. "தீதி, முன்னாவுக்குக் காய்ச்சலா? பண்டிகை அன்னிக்குப் போய் இப்படிப் படுத்துட்டானே!"ன்னு சிரிக்கறா. 'எந்திரிடி, வெளிய போடி'ன்னு கத்த வாய் வந்துச்சு. ஆனா 'போ'ன்னு சொல்லக்கூடாதே! என்னன்னு பேர் சொல்லவும் கூடாதே! கையைப் பிடிச்சு எழுப்பி, நாளைக்குப் பாயசம் தர்றேன்னு என்னமோ உளறி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டுக் கதவைத் தாப்பாள் போட்டேன்.

அதுக்கு மறுநாள் காலையில ஜீப் வந்துச்சு. வாசல்ல ஜீப் நின்ன சத்தம் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு, யாரோ தகவல் குடுத்துட்டாங்கன்னு. மேல்வீடு கீழ்வீடு எல்லாம் படியில கூடிட்டாங்க. மேல்மாடிக்காரன் ஒருத்தன், பேர் வேண்டாம், இப்ப ரிட்டயராகிப் போயிட்டான், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்துக் கத்தறான்: "பையனைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க, ஆஸ்பத்திரியில போட்டுப் பூட்டுங்க, எங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு!" நான் உன் அறை வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டேன். எதிர்க்கதவுல பம்மி நிக்கறா, என்ன நடக்குதுன்னே தெரியாத முகம். அவளைப் பாத்ததும் எனக்கு எல்லாம் அவமேல திரும்பிடுச்சு. உன்னைப் பாத்த ஒரே வெளியாள் அவதான். இனாமுக்கு ஆசைப்பட்டுச் சொல்லிட்டான்னு முடிவே கட்டிட்டேன். இந்தியில திட்டத் தெரியாதே, சுத்தமான மதுரைத் தமிழ்ல வாய்க்கு வந்தபடி விட்டேன். "நீ நல்லா இருப்பியாடி? என் பிள்ளையைக் காட்டிக் குடுத்து வாங்கற காசு உனக்குத் தங்குமாடி?"ன்னு. அவளுக்கு ஒரு வார்த்தை புரியல. புரியாமலே கண்ணுல தண்ணி கட்டிக்கிட்டு நின்னா.

அப்ப உங்கப்பா என் பின்னாடி வந்து, "அவளை எதுக்குத் திட்டறே, நான்தான் போய்ச் சொன்னேன்"னாரு. யாரு? காலையில முருகன் படத்துக்கு விளக்கு ஏத்தாம காப்பி குடிக்காத மனுஷன்! வேப்பிலை ஒடிச்சுட்டு வந்த அதே மனுஷன்! "தினமும் அந்தச் செவுத்து முன்னாடி பஸ்ஸுக்கு நிக்கறேன். பெரியம்மையா இருந்து பையனுக்குக் கண்ணு போச்சுன்னா என்னால தாங்க முடியாது. நீ விட மாட்டேன்னுதான் சொல்லாமப் போனேன்"னாரு. என் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. ஆனா வந்தவங்க உள்ள வந்துட்டாங்க, சண்டை போட நேரமில்ல. அந்தச் சண்டையை அப்புறம் சாவகாசமா, வருஷக்கணக்கா போட்டுக்கிட்டோம்னு வெச்சுக்க.

டாக்டர் உன்னைத் திருப்பிப் போட்டுப் பாத்தாரு. உள்ளங்கை, உள்ளங்கால், வாய், எல்லாம் பாத்தாரு. நான் அவரு வாயையே பாத்துக்கிட்டு நிக்கறேன். நிமிந்து, "பெரியம்மை இல்ல. சின்னம்மைதான். எங்கயும் கொண்டுபோக வேண்டாம், வீட்டுலயே இருக்கட்டும்"னாரு. போன உசிரு திரும்பி வந்துச்சுடா சேகரு. வந்தது வந்தோம்னு படியில கூடியிருந்தவங்க எல்லாருக்கும் அம்மை குத்தறேன்னு அவங்க ஊசியை எடுத்ததும் கூட்டம் பாதியாச்சு. பூட்டுங்க பூட்டுங்கன்னு கத்தினானே, அவன்தான் முதல்ல மொட்டை மாடிக்கு ஓடினவன். அவன் பொண்டாட்டியே போய்ப் பிடிச்சுட்டு வந்தா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள டாக்டர் பையை மூடிக்கிட்டே கேட்டாரு, "மாசமா இருக்கறவங்க யாராவது உள்ள வந்தாங்களா? கர்ப்பிணிக்கு இது ஆகாது. பிரசவ சமயத்துல வந்துட்டா பொறக்கற குழந்தைக்கு ஆபத்து. மூணு வாரம் வரைக்கும் பாக்கணும்."

உங்கப்பாதான் அதைத் தமிழ்ல எனக்குச் சொன்னாரு. பம்மி உள்ள வந்தது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். "நான் போய் அவ புருஷன்கிட்ட சொல்றேன்"னு கிளம்பினாரு. நான் விடல. அவளைத் திட்டினது நானு, போக வேண்டியதும் நானுதான். ஆனா அடுத்தவங்க வாசப்படியை மிதிக்கக்கூடாது. அதனால நடுவுல படிக்கட்டுல நின்னுக்கிட்டு, "பம்மி"ன்னு கூப்பிட்டேன். கதவைத் திறந்தா. கண்ணு வீங்கியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச இந்தியெல்லாம் சேத்து, இது பண்டிகை இலை இல்ல, பிள்ளைக்கு உடம்புல கொப்புளம், நீ தொட்டுட்டே, உன் குழந்தைக்குக் கெடுதல் வரலாம்னு டாக்டர் சொல்றாருன்னு சொன்னேன். பாதி வார்த்தை கிடைக்கல, என் வயித்தையே தொட்டுக் காட்டினேன். பம்மி ரெண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. என்னை ஒரு பார்வை பாத்துட்டுக் கதவைச் சாத்தினா. அறைஞ்சு சாத்தியிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். மெதுவாத்தான் சாத்தினா.

அன்னிக்கு முழுக்க நான் ஒரு வாய் சாப்பிடல. நீ நல்லா இருக்கே, கொப்புளம் நீர் கோக்க ஆரம்பிச்சாலும் தர்பூஸ் வேணும்னு அழிச்சாட்டியம் பண்றே. உன்னைப் பாத்தா நிம்மதி, எதிர்க்கதவைப் பாத்தா திக்கு திக்குன்னுது. ஒரு அம்மா தன் பிள்ளை பொழைச்சதுக்காகச் சந்தோஷப்படறப்ப, இன்னொருத்தி பிள்ளைக்கு அதே வீட்டுலேர்ந்து ஆபத்து போயிருக்குன்னா அந்தச் சந்தோஷம் எப்படி உள்ள இறங்கும்? மலை மந்திர் முருகன்கிட்ட அன்னிக்கு நான் உனக்காக வேண்டிக்கல. எதிர்வீட்டுக் குழந்தைக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்.

மறுநாள் காலையில நான் அடுப்படி பால்கனியில பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன். அவங்க பால்கனி பக்கத்துலயே இருக்கே, உனக்குத் தெரியும். கதவு திறந்து பம்மி வந்தா. ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் மடிச்சு, தூக்கி, திருப்பித் திருப்பிக் காட்டினா. கழுத்தைக் காட்டினா. நாக்கை நீட்டிக் காட்டினா. ஒண்ணும் இல்லங்கறா! அப்புறம், "முன்னா கைசா ஹை, தீதி?"ன்னு கேட்டா. பிள்ளை எப்படி இருக்கான்னு கேக்கறா! நான் திட்டின திட்டுக்கும், செஞ்ச காரியத்துக்கும், அவ கேட்ட கேள்வி அது. கரிக்கையோட முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதேன். அதுலேர்ந்து தினமும் காலையில அதேதான். அவ கையைத் தூக்கிக் காட்டுவா, நான் பாத்துத் தலையாட்டுவேன். ஒரு நாள் கொசுக்கடி ஒண்ணைப் பாத்துட்டு ரெண்டு பேரும் வெலவெலத்துப் போயிட்டோம். சாயங்காலம் அது அமுங்கினப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

உனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. நீ எழுந்து ஓட ஆரம்பிச்சுட்டே. டாக்டர் சொன்ன கெடு இன்னும் முடியல. அப்பதான் பிரசவத்துக்காக ஜலந்தர்ல இருந்து பம்மியோட அம்மா வந்தாங்க, பீஜி. ரயில்லேர்ந்து இறங்கி வர்ற வழியிலயே மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லியிருக்காரு. கீழே டாக்ஸி நின்ன சத்தம், அப்புறம் படி அதிர அதிர ஏறி வர்ற சத்தம். வந்து நம்ம கதவைத்தான் தட்டினாங்க. ஆறடிக்குக் கொஞ்சம்தான் கம்மி அந்த அம்மா. சரி, அடிக்கத்தான் போறாங்க, வாங்கிக்கறது நியாயம்னு கதவைத் திறந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க என்னை அடிக்கல. எதிர்க்கதவுல நின்ன மகளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, அவ பின்னலைத் தூக்கி, காதுக்குப் பின்னாடி மடிப்பை விரிச்சு என் மூக்குக்கு நேராக் காட்டினாங்க. அங்க பருப்பு சைஸுல ரெண்டு மூணு குழி.

"இது என்ன தெரியுமா? இவளுக்கு மூணு வயசுலயே சின்னம்மை வந்துடுச்சு. ஒரு தடவை வந்தவளுக்கு மறுபடி எங்க வரும்? நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இப்படிச் செத்துச் செத்துப் பொழைக்கறீங்க?"ன்னாங்க. பம்மி வாயைப் பொளந்துக்கிட்டு அவங்க அம்மாவைப் பாக்கறா. அவளுக்கே தெரியாது! தந்தூர் அடுப்புப் பொறி பட்டதுன்னு சொல்லித்தான் வளத்திருக்காங்க. அம்மை வந்த பொண்ணுன்னு தெரிஞ்சா நல்ல எடத்துல சம்பந்தம் தட்டிப்போயிடும்னு வீட்டுலயே மூடி மறைச்சிருக்காங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழக்கூடாதுன்னு இத்தனை வருஷம் பொத்தி வெச்சதை, அந்த அம்மா மாடிப்படியில நின்னு, பிளாக்கே கேக்கற மாதிரிச் சொன்னாங்க. சொல்லி முடிச்சப்புறம்தான் அவங்களுக்கே உறைச்சுது, பின்னாடி மாப்பிள்ளை ட்ரங்குப் பெட்டியைத் தோள்ல வெச்சுக்கிட்டு நிக்கறாருன்னு. முகம் சுண்டிப் போச்சு. எல்லாரும் அவரையே பாக்கறோம். அவரு வேர்த்து விறுவிறுத்துப் போயி, "பீஜி, பெட்டி ரொம்பக் கனக்குது, கொஞ்சம் வழி விடறீங்களா?"ன்னாரு.

அவ்வளவுதான்! பீஜிதான் முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் பம்மி. நான் சிரிக்கறேனா அழறேனான்னே தெரியல, படியிலயே உக்காந்துட்டேன். அந்தப் பாரம் இறங்கின மாதிரி என் வாழ்க்கையில வேற எதுவும் இறங்கினதில்லடா, உன் பிரசவம் உட்பட. அன்னிக்கு மத்தியானம் அவங்க வீட்டு அடுப்படியிலயே போய் ரசம் வெச்சேன். அத்தனை நாள் தாளிக்காத கை, கடுகும் மிளகாயும் கொஞ்சம் தாராளமாவே விழுந்துடுச்சு. வீடே இருமுது. பீஜி இருமிக்கிட்டே ரெண்டு டம்ளர் குடிச்சாங்க.

வெயில் கொளுத்தற சமயத்துல பொண்ணு பொறந்துச்சு. அதுதான் நம்ம பிங்கி. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு பம்மி குழந்தையை என் மடியிலதான் முதல்ல போட்டா. துணியை விலக்கி, "நல்லாப் பாத்துக்க தீதி, ஒரு எடம் விடாமப் பாரு"ன்னா. பாத்தேன். விரல் விரலாப் பாத்தேன், காது மடலைத் திருப்பிப் பாத்தேன். வெள்ளரிப்பிஞ்சு மாதிரி உடம்பு, ஒரு புள்ளி இல்ல. அது என் புடவையை நனைச்சுது, நான் எழுந்திரிக்கவே இல்ல. அப்புறம் அஞ்சாறு வருஷம் கழிச்சு, பெரியம்மை உலகத்துலயே இல்லாமப் போச்சுன்னு ரேடியோவுல சொன்னான். உங்கப்பா ரேடியோவைப் பெருசா வெச்சாரு. நான் போய் எதிர்க்கதவைத் தட்டி அவளையும் கூட்டிட்டு வந்து கேக்க வெச்சேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு உன் வீட்டுலயும் காய்ச்சல் வரும், கொப்புளம் வரும், இப்ப பேர் தெரியாத எதுவோ கூட வரும். அப்ப வாயைத் திறந்து சொல்லு. எதிர்வீட்டுக்காரனுக்குப் புரியற பாஷையில சொல்லு. நான் இலையைக் கட்டிட்டுச் சொல்லிட்டதா நினைச்சேன், பீஜி தந்தூர் பொறின்னு மறைச்சாங்க. ரெண்டு பேரும் பிள்ளைங்க மேல வெச்ச ஆசையிலதான் செஞ்சோம். ஆனா நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்தப்புறம்தான் பயம் போச்சு. உங்கப்பா போய்ச் சொன்னதுனாலதான் டாக்டர் வந்தாரு. அந்த விஷயத்துல அவரு செஞ்சது சரின்னு இன்னிக்கு வரைக்கும் நான் ஒத்துக்கிட்டதில்ல, நீயும் போய்ச் சொல்லிடாதே. இன்னொண்ணு. நோய் வந்தவன் யாரா இருந்தாலும், எதனால வந்திருந்தாலும், பூட்டணும்னு சொல்லாதே. பூட்டிடுவாங்கன்னு தெரிஞ்சா எவன் சொல்லுவான்? மறைப்பான். மறைச்சா அதுலதான் பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆபத்து. டிவில அந்தப் பேரைச் சொல்றப்ப, கட்டில்ல படுத்துக் கிடந்த எட்டு வயசுப் பையனை நினைச்சுக்க. எனக்கு அவன்தான் ஞாபகம் வர்றான்.

கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் இவ்வளவும். உனக்குக் கூடப்பொறந்தவ இல்ல. தாலியில மூணாவது முடிச்சு நாத்தனார் போடணும். யாரு போடறதுன்னு திருச்சியிலேர்ந்து கேட்டு எழுதியிருக்காங்க. உங்க பெரியப்பா பொண்ணு இருக்கான்னு உங்கப்பா சொல்றாரு. எனக்கு பிங்கிதான் போடணும். பஞ்சாபிப் பொண்ணு முடிச்சுப் போடறாளான்னு நாலு பேர் கேப்பாங்க. கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன். உனக்கு இஷ்டம் இல்லைன்னா அதையும் நேரா எங்கிட்ட சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன். இஷ்டம்னா, நான் இன்னும் அவளைக் கேக்கல. ஞாயித்துக்கிழமை வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி எதிர்வீட்டுக்குப் போ. பம்மி முன்னாடி, உன் வாயால, பிங்கியைக் கேளு.

அம்மா